சூட்டைச் சேமிக்கும் சூளை

மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் புதிதாக வண்ணம் பூசப்பெற்ற வண்டியின் கூடு, நீண்ட உலர்த்தும் அடுப்பின் ஒரு வாயிலில் ஈரத்தோடு நுழைந்து மறுவாயிலில் பளபளவென்று வெளிவருவதைக் கண்டு களிக்கிறவர்கள், அந்த வண்ணத்தைச் சற்று முன்வரையில் குழம்பாக வைத்திருந்த கரைப்பான் எங்கே போயிற்று என்று வினவுவது அரிது. அது ஆவியாகி, அடுப்பினுள் சுழலும் சூடான காற்றோடு கலந்து, புகைபோக்கியின் வழியே ஊருக்குள் போய்விட்டது. இச்செய்தி வண்ணத் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. சஞ்சிகைகளின் வண்ணப் பக்கங்களை அச்சிடும் யந்திரங்கள், தகர டப்பாக்களின் உட்புறத்துக்கு மெருகு பூசும் யந்திரங்கள், செம்புக் கம்பிக்கு எனாமல் உறை ஏற்றும் உலைகள், ஒட்டும் நாடா செய்யும் ஆலைகள், மருந்துச் சரக்குகளைக் கரைத்தும் படியவைத்தும் எடுக்கும் இரசாயனச் சாலைகள் ஆகிய யாவும் டொலுவீன், சைலீன், அசிட்டோன், எத்தில் அசிடேட் முதலிய கரைப்பான்களைக் கையாள்கின்றன. தடுப்பார் இல்லாவிடில், வேலை முடிந்ததும் அவற்றைக் காற்றிலே விட்டுவிடுகின்றன. கரும்புகை எழுந்தால் ஊரார் கண்டு முறையிடுவார்கள். இவ்வாவிகளுக்கோ நிறமில்லை, மணம் மட்டுமே உண்டு, அதுவும் பழகிப்போன மூக்குக்குச் சில நாட்களில் தெரியாமற் போய்விடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத இந்த ஆவிகளால் விளையும் கேடு யாது என்பது உலகத்துக்குத் தெரியவந்த வரலாறு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைச் சார்ந்தது. 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நகரத்தின்மீது கண்ணைக் கரித்துத் தொண்டையை அறுக்கும் மூட்டம் ஒன்று கவிந்தபோது, யுத்த காலமாதலால், எதிரிகள் விஷவாயுவை ஏவிவிட்டார்களோ என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். நகரின் நடுவே செயற்கை ரப்பருக்காகப் பியூட்டாடையீன் செய்துவந்த ஓர் ஆலையின்மேல் முதலில் பழி விழுந்தது. அதன் வேலை நிறுத்தப்பட்ட பின்னும் மூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவரும் டச்சு நாட்டில் பிறந்தவருமான ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் உயிர் இரசாயன அறிஞர், தம் ஆராய்ச்சியைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு இம்மூட்டத்தை ஆராயத் தலைப்பட்டார். பெட்ரோலிய ஆவிகளும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய வெளிச்சத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்றும், கண்ணைக் கரிப்பதும் ரப்பரை வெடிக்கச் செய்வதும் பயிரின் இலையை வாட்டுவதும் அவ்வினையின் பயன்களே என்றும் 1950-களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். புகைபோக்கியிலிருந்து புறப்படும்போது பெருந்தீங்கில்லாததுபோல் தோன்றும் ஆவி, ஆகாயத்திலே வெயில் பட்டபின் வேறொரு தீங்காக மாறுகிறது என்ற இந்த உண்மையை, மோட்டார் கம்பெனிகளும் எண்ணெய்க் கம்பெனிகளும் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் 1966-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம் இயற்றிய 66-ஆம் விதி, கரைப்பான் ஆவிகளைக் கட்டுக்குள் கொண்டுவரும்படி தொழிற்சாலைகளைப் பணித்தது. அதற்கு அது அனுமதித்த வழிகளுள் ஒன்று, அவ்வாவிகளை எரித்துவிடுவது.

எரிப்பது என்பது இரசாயன நோக்கில் மிக எளிய காரியம். டொலுவீனின் மூலக்கூறு கரியும் ஹைட்ரஜனும் மாத்திரமே சேர்ந்தது, போதிய உஷ்ணத்தில் பிராணவாயுவோடு அதைச் சேரவிட்டால், கரியனைத்தும் கரியமில வாயுவாகவும் ஹைட்ரஜன் அனைத்தும் நீராவியாகவும் மாறிவிடும், எச்சம் இராது. ஆனால் அரைகுறையாக எரித்தால், எரிக்காமலிருப்பதைவிடக் கேடான நிலை நேரிடலாம். ஏனெனில் மூலக்கூறு ஒரே அடியில் உடைந்துவிடுவதில்லை. ஆல்டிஹைடுகளாகவும் பின் கார்பன் மோனாக்ஸைடாகவும் படிப்படியாக இறங்கியே முடிவில் கரியமில வாயுவாகிறது. அவ்வடுக்கில் கடைசிப்படியான கார்பன் மோனாக்ஸைடின் எரிதலே மிகவும் தாமதமானது. அதற்குக் காலம் கொடுக்க வேண்டும்; உஷ்ணம் கொடுக்க வேண்டும்; காற்றின் ஒவ்வொரு துளியும் உஷ்ணத்தில் படும்படி நன்றாகக் கலக்கியும் விடவேண்டும். ஆகவே 760 முதல் 870 டிகிரி சென்டிகிரேட் வரையுள்ள சூட்டில், அரை விநாடி முதல் ஒரு விநாடி வரையில், சுழித்துக் கலங்கும் ஓட்டத்தில் வாயுவை நிறுத்திவைத்தால், ஆவியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் அழிந்துவிடும் என்பது பொறியாளர்கள் கண்ட பிரமாணம்.

இவ்வளவு எளிதாயின், எல்லாத் தொழிற்சாலைகளும் உடனே எரிக்கத் தொடங்கியிருக்க வேண்டும் அல்லவா? தடையாக நின்றது இரசாயனமன்று, பணமே. கரைப்பான் ஆவி தனியே வருவதில்லை. ஏராளமான காற்றில் கரைந்து வருகிறது. அப்படி வரவேண்டுமென்பது பாதுகாப்பின் கட்டளையுமாகும். காற்றில் டொலுவீன் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டாலே தீப்பொறி பட்டதும் கலவை வெடித்துவிடும். ஆதலால் அந்த வரம்பில் கால் பங்குக்கு மேல் போகவிடாமல் காற்றைத் தாராளமாகச் சேர்த்து மெலிவாக வைத்திருப்பதே வழக்கம். நடைமுறையில் அதனினும் மிக மெலிந்து, ஒரு கனமீட்டர் காற்றில் ஒரு கிராம், இரண்டு கிராம் என்ற அளவிலேயே ஆவி வந்துசேருகிறது. அந்த ஒரு கிராமை எரிப்பதற்காக அதைச் சுமந்துவரும் கனமீட்டர் காற்று முழுவதையும் 800 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டியிருக்கிறது.

கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்பது நலம். மணிக்கு 10,000 கனமீட்டர் காற்றை வெளியேற்றும் நடுத்தரமான ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அக்காற்றில் கனமீட்டருக்கு ஒரு கிராம் வீதம் மணிக்குப் பத்துக் கிலோ டொலுவீன் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்காற்றை 30 டிகிரியிலிருந்து 820 டிகிரிக்கு ஏற்றுவதற்கு மணிக்குச் சுமார் 300 லிட்டர் டீசல் எரியவேண்டும். அதன் எடை ஏறக்குறைய 250 கிலோ. பத்துக் கிலோவை அழிப்பதற்கு இருநூற்றைம்பது கிலோ! அன்றியும், டொலுவீன் எரிந்து தரும் கரியமில வாயு முப்பத்து மூன்று கிலோ அளவாயிருக்க, அதை எரிக்கும் டீசல் தருவதோ எண்ணூறு கிலோவை எட்டும். ஒரு நாள் முழுவதும் ஆலை ஓடினால் 7,200 லிட்டர் எண்ணெய் தீர்ந்து, அத்தனை சூடும் புகைபோக்கி வழியே மேகத்துக்குப் போய்ச் சேரும். எந்த முதலாளி இதற்கு மனமுவந்து இசைவார்? இசைந்தாலும், அது ஊருக்குச் செய்த நன்மை என்று சொல்லவும் இடமில்லை.

வெளியேறும் சூட்டைக் கொண்டு உள்ளே வரும் காற்றைச் சூடாக்கலாமே என்பது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். உருக்குக் குழாய்களின் உள்ளே ஒரு வாயுவும் வெளியே மற்றொன்றும் ஓடும்படி அமைத்து, குழாயின் சுவர் வழியே சூட்டைக் கடத்தும் சாதனங்கள் வெகுநாளாக உண்டு. அவற்றால் சூட்டில் நூற்றுக்கு அறுபது, எழுபது பங்கு வரையில் மீட்கலாம். அதற்கு மேற்போவதற்குக் குழாய்களின் பரப்பைப் பெருக்கிக்கொண்டே போகவேண்டும். உயர்ந்த சூட்டைத் தாங்கும் உருக்கோ விலை மிகுந்தது. இடைவிடாத சூட்டினால் விரிந்தும் சுருங்கியும் வெடிப்பது. எஞ்சிய முப்பது பங்கு நஷ்டமும் கனவானுக்கே தாங்கும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் சூக்ஷ்மம், சிக்கல் தோன்றுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, கண்டவர் பொறியாளருமல்லர். ஸ்காட்லாந்தின் பாதிரியார் ராபர்ட் ஸ்டர்லிங் என்பவர், சூடான காற்றினால் ஓடும் எஞ்சின் ஒன்றுக்கு 1816-இல் உரிமை பெற்றபோது, அதனோடு சேர்த்து ‘சிக்கனப்படுத்தி’ என்ற பொருள்படும் பெயருடன் ஒரு கருவியையும் பதிவு செய்தார். சூடான காற்று ஒரு வழியே போகும்போது தன் சூட்டை அங்குள்ள திடப்பொருளில் விட்டுச் செல்லட்டும். பிறகு குளிர்ந்த காற்று அதே வழியே எதிர்த்திசையில் வரும்போது, அங்கே விட்டுவைத்த சூட்டை எடுத்துக்கொள்ளட்டும் என்பதே அதன் தத்துவம். இரண்டு வாயுக்களையும் ஏககாலத்தில் ஒரு சுவரின் இருபுறமும் ஓடவிடாமல், ஒரே பாதையில் முன்னும் பின்னுமாகக் காலத்தால் பிரித்து ஓடவிடுவது என்ற இச்சிறு மாறுதலில்தான் பின்னால் வந்த பெருந்தொழில்கள் பலவும் அடங்கியிருந்தன.

அதைப் பெருந்தொழிலுக்குக் கொண்டுவந்தவர்கள் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குக் குடியேறிய சீமென்ஸ் சகோதரர்கள். பிரெடரிக் சீமென்ஸ் 1856-இல் பெற்ற உரிமையின்படி, உலையின் இருபுறங்களிலும் செங்கல்லை இடைவெளிவிட்டுச் சல்லடையாக அடுக்கிய அறைகள் இருந்தன. உலையிலிருந்து புறப்படும் கொதிவாயு ஓர் அறையைச் சூடேற்றிக்கொண்டே வெளியேற, மற்றோர் அறையில் முன்பே சூடேறியிருந்த செங்கற்களினூடே புதுக்காற்று உலைக்குள் நுழைந்தது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை இரண்டின் திசையும் மாற்றப்பட்டது. மறுவருஷமே எட்வர்டு கௌப்பர் என்பவர் இதே தத்துவத்தை இரும்பு உருக்கும் ஊதுலைக்குக் காற்றைச் சூடாக்கும் கோபுரங்களில் பிரயோகித்தார். கண்ணாடித் தொழிலும் எஃகுத் தொழிலும் இதனால் அடைந்த மாறுதல் கொஞ்சமன்று. மைக்கேல் பாரடே லண்டன் ராயல் கழகத்தில் 1862-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் நிகழ்த்திய தம் கடைசி வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்ட பொருள், மின்சாரமுமன்று, காந்தமுமன்று. பர்மிங்ஹாம் அருகே சான்ஸ் சகோதரர்களின் கண்ணாடி ஆலையில் அவர் நேரிற் கண்ட இந்தச் சீமென்ஸ் உலையே.

சீமென்ஸ் சூட்டைச் சேமித்தது, உலையின் சூட்டை மேலும் உயர்த்துவதற்காக. கழிவு வாயுவை எரிப்போருக்கு அவ்வளவு உயர்ந்த சூடு வேண்டுவதில்லை. வேண்டுவதெல்லாம் கைக்கு வந்த சூடு கைவிட்டுப் போகாமலிருப்பதே. அமெரிக்காவில் 1970-இல் தூய காற்றுச் சட்டம் வலுப்பெற்றது. 1973-இல் எண்ணெய் விலை திடீரென்று ஏறிற்று. எரி என்று சட்டம் சொல்லிற்று; எரிக்காதே என்று எண்ணெய்க் கணக்கு சொல்லிற்று. அந்த நெருக்கடியில்தான் கழிவு வாயுவை எரிக்கும் அறையின் இருபுறமும் சீமென்ஸின் அடுக்குகளைப் பீங்கானில் அமைக்கும் யந்திரங்கள் சந்தைக்கு வந்தன. ரீஜெனரேட்டிவ் தெர்மல் ஆக்ஸிடைசர் என்னும் நீண்ட பெயரைச் சுருக்கி ஆர்.டி.ஓ. என்று ஆலைகளில் வழங்குவது இதைத்தான். நாம் இங்கே வெப்ப மீட்புச் சூளை என்று சொல்லிக்கொள்வோம்.

அதன் அமைப்பை மனக்கண்ணால் காண்பது கடினமன்று. அருகருகே இரண்டு பெரிய எஃகுப் பெட்டிகள் நிற்கின்றன. இரண்டின் உச்சியையும் இணைத்து ஒரு மேலறை இருக்கிறது. பெட்டிகளின் உட்சுவரில், சூடு வெளியே கசியாதபடி பீங்கான் இழையாலான தடித்த மெத்தை போர்த்தப்பட்டிருக்கிறது. பெட்டிகளுக்குள்ளே ஒரு மனிதனின் உயரத்துக்குப் பீங்கான் படுகை. பழைய சூளைகளில் ஓர் அங்குல அளவுள்ள சேண வடிவத் துண்டுகளைக் கொட்டி நிரப்பினார்கள். இப்போது பெரும்பாலும் நுண்ணிய நெடுந்துளைகள் நெருங்கிய தேன்கூட்டுக் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். துளைகள் நேராக இருப்பதால் காற்று அதிகம் முட்டாமல் போகிறது. விசிறியின் மின்சாரச் செலவு குறைகிறது. மேலறையில் ஒரு பர்னர். கீழே, வாயுவின் திசையை மாற்றும் வால்வுகள். ஆலையிலிருந்து வரும் ஆவி கலந்த காற்று முதற்படுகையின் அடியில் புகுந்து, ஏற்கெனவே சூடேறியிருக்கும் பீங்கானினூடே மேலேறும்போது விநாடிக்கு விநாடி சூடேறி, மேலறையை அடைவதற்குள் அநேகமாக எரியும் நிலைக்கு வந்துவிடுகிறது. மேலறையில் எரிந்து முடிந்த தூய வாயு இரண்டாம் படுகையின் வழியே கீழிறங்கி, தன் சூட்டை அங்குள்ள பீங்கானுக்கு ஒப்படைத்துவிட்டு, கை வைத்துப் பார்க்கத்தக்க சூட்டோடு புகைபோக்கியை அடைகிறது. ஒன்றரை நிமிஷம் அல்லது இரண்டு நிமிஷம் சென்றதும் வால்வுகள் திரும்புகின்றன. நேற்றுவரை என்ன, சற்றுமுன்வரை வெளிவாயிலாயிருந்தது உள்வாயிலாகிறது. இரவும் பகலும் இவ்விதமே மாறிமாறி நடைபெறுகிறது. செங்கல்லாலான சீமென்ஸ் அறைகளில் இருபது, முப்பது நிமிஷங்களுக்கு ஒருமுறை நிகழ்ந்த திருப்பம் இங்கே நிமிஷக் கணக்கில் நிகழ்வதற்குக் காரணம், பீங்கானின் மெல்லிய சுவர்கள் விரைவில் சூடேறி விரைவில் ஆறுவதே.

உருக்குக் குழாய்க்கு அரிதான தொண்ணூற்றைந்து சதவீத மீட்பு இதற்கு எளிதாயிருப்பதன் காரணத்தை ஊன்றிப் பார்க்கவேண்டும். படுகையின் உச்சி எப்போதும் கனலாகவும் அடிப்பாகம் எப்போதும் வெதுவெதுப்பாகவும் இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே சூட்டின் ஏற்றத்தாழ்வு ஒரு சரிவாக நிற்கிறது. அச்சரிவுதான் காற்றின் திசைக்கேற்பச் சிறிது மேலும் சிறிது கீழுமாக நகர்ந்துகொண்டிருக்கிறதேயொழிய, படுகை முழுவதும் சூடேறுவதுமில்லை, முழுவதும் ஆறுவதுமில்லை. ஆகவே வெளியேறும் வாயு கடைசியாகத் தொடுவது குளிர்ந்த பீங்கானையே. அதனிடம் சூட்டை விடாமல் அது வெளியேற முடியாது. நம்முடைய மூக்கே இவ்வகையான ஒரு கருவிதான். உள்ளிழுக்கும் காற்று நாசித் துவாரத்தின் சுவர்களைக் குளிர்விக்கிறது; வெளிவிடும் மூச்சு அக்குளிர்ந்த சுவர்களுக்குச் சூட்டையும் ஈரத்தையும் திரும்பக் கொடுத்துவிட்டுப் போகிறது. வட அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் கங்காரு எலியிடம் இத்திறம் உச்சநிலையை அடைந்திருக்கிறது. அது விடும் மூச்சு அதன் உடற்சூட்டைவிடக் குளிர்ந்திருப்பது, தண்ணீர் குடியாமலே அது உயிர்வாழ்வதற்குப் பெரிதும் துணைபுரிகிறது.

இனி, முன் சொன்ன ஆலையின் கணக்கைத் திரும்பப் பார்ப்போம். 790 டிகிரி ஏற்றத்தில் தொண்ணூற்றைந்து பங்கு மீட்கப்படுமாயின், நாம் ஈடுசெய்ய வேண்டியது ஏறக்குறைய 40 டிகிரியே. மணிக்கு 300 லிட்டராயிருந்த டீசல் 15 லிட்டராகிவிடும். அதோடு நின்றுவிடவில்லை. டொலுவீனும் ஓர் எரிபொருளே என்பதை மறந்துவிடலாகாது. கனமீட்டருக்கு ஒரு கிராம் டொலுவீன் எரிந்தால் அக்காற்றின் சூடு சுமார் 30 டிகிரி உயரும். ஆகவே ஒரு கிராமுக்குப் பதிலாக ஒன்றரை அல்லது இரண்டு கிராம் வந்துவிட்டால், சுவர்கள் வழியாகப் போகும் சிறு நஷ்டத்தையும் சேர்த்து, தேவையான சூடு முழுவதையும் கழிவே தந்துவிடும். அப்போது பர்னரை அணைத்துவிடலாம்; சூளை தன் உணவைத் தானே உண்டு நடக்கும். சுடர் இல்லாதபடியால் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் மிகக் குறைவாகவே உண்டாகின்றன என்பது, லாஸ் ஏஞ்சல்ஸின் ஓசோன் வரலாற்றை நினைப்பவர்களுக்குக் கூடுதலான ஆறுதல். கழிவே எரிபொருளாவதால் வினோதமான ஒரு விளைவும் உண்டு. கழிவு வாயுவில் ஆவி மிகுந்து வந்தால், சூளை அளவுக்கு மீறிச் சூடேறிவிடும். அப்போது மேலறையிலிருந்து கொதிவாயுவில் ஒரு பகுதியைப் படுகைக்குப் போகவிடாமல் வேறு வழியே திருப்பி, கொதிகலத்துக்கோ உலர்த்தும் அடுப்புக்கோ அனுப்பிவிடுகிறார்கள்.

இதுவரை கூறியவை யந்திர விற்பனையாளரும் உற்சாகத்தோடு கூறக்கூடியவை. அவர் சற்றே தாழ்ந்த குரலில் சொல்லக்கூடிய குறை ஒன்று உண்டு. வால்வுகள் திரும்பும் அந்தக் கணத்தில், உள்வாயிலாயிருந்த படுகையின் துளைகளிலும் அதன் அடியிலுள்ள வெற்றிடத்திலும், இன்னும் எரியாத கழிவு வாயு நின்றுகொண்டிருக்கிறது. திசை மாறியதும் அது மேலறைக்குப் போகாமல், வந்த வழியே திரும்பி நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடுகிறது. மணிக்கு 10,000 கனமீட்டர் ஓட்டத்தில் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை திருப்பினால், ஒவ்வொரு திருப்பத்துக்கும் 333 கனமீட்டர் வாயு உள்ளே போகிறது; நின்றுபோன வாயு மூன்று கனமீட்டர் என்று கொண்டாலும், அது நூற்றில் ஒரு பங்கு. சூளையின் மேலறையில் எவ்வளவு திறமையாக எரித்தாலும், இந்த ஒரு பங்கு தப்பித்துக்கொள்ளும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரைப் பங்கு அழிக்கவேண்டும் என்று சட்டம் கேட்கும் இடத்தில் இரட்டைப் படுகை தோற்றுப்போவது இதனால்தான். திருப்பங்களைக் குறைத்தால் தப்பும் வாயு குறையுமே என்றால், திருப்பத்துக்குத் திருப்பம் காலம் நீளும்போது படுகையின் அடிப்பாகமும் சூடேறி, சூடு வெளியே போகத் தொடங்கும். தூய்மையை விலைக்கு வாங்கினால் சிக்கனம் போய்விடும்.

இதற்குக் கண்ட பரிகாரம் மூன்றாவது படுகை. ஒரு படுகை வாயுவை உள்ளே வாங்க, ஒன்று வெளியே விட, மூன்றாவது ஓய்ந்திருக்கும் சமயத்தில் அதனுள் தூய காற்றைச் செலுத்தி, அங்கே நிற்கும் எரியாத வாயுவை மேலறைக்குத் தள்ளிவிடுகிறார்கள்; அதன்பிறகே அது வெளிவாயிலாகும். இன்னும் சிலர் ஒரே வட்டப் படுகையைப் பன்னிரண்டு கூறுகளாகப் பிரித்து, அடியில் மெதுவாகச் சுழலும் ஒரே வால்வினால் இவ்வேலையைச் செய்விக்கிறார்கள். வால்வுகளின் தட்டுகள் சரியாக அமராமல் நூலிழை இடைவெளி விட்டாலும், எரியாத வாயு அதன் வழியே கசிந்துவிடும். சூளையின் யோக்கியதை அதன் நெருப்பில் இல்லை, அதன் வால்வுகளில் இருக்கிறது என்பது என் துணிபு. பராமரிப்பில் முதலில் பார்க்கவேண்டியதும் அவற்றையே.

வாயுவோடு வந்து சேரும் வேண்டாத விருந்தாளிகளால் வரும் தொல்லை வேறு. ஒட்டுப் பொருள்களிலும் மெருகுகளிலும் சிலிக்கோன் கலந்திருந்தால், அது எரிந்து நுண்ணிய வெண்மணற் பொடியாகித் தேன்கூட்டின் துளைகளை அடைத்துவிடும். மரப்பலகை ஆலைகளின் வாயுவில் வரும் பொட்டாசிய, சோடிய உப்புகள் பீங்கானையே அரித்துத் தின்னும். எண்ணெய்ப் பசையுள்ள ஆவிகள் படுகையின் குளிர்ந்த அடிப்பாகத்தில் தாராகப் படிந்துவிடும்; அவற்றை அவ்வப்போது அடிப்பாகத்தையும் 400 டிகிரி வரையில் சூடேற்றிச் சுட்டெரித்துவிட வேண்டும்; மறந்துவிட்டால், ஒருநாள் அவை தாமாகவே தீப்பற்றிக்கொள்ளும். குளோரின் கலந்த கரைப்பான்களோ எரிந்தபின் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி உருக்கை அரிக்கும். அவற்றை எரிப்பதாயின், பின்னால் காரநீரில் கழுவும் கோபுரம் ஒன்றும் அரிப்பைத் தாங்கும் உயர்ந்த உலோகக் கலவையும் அவசியம். ஆலையில் என்னென்ன கரைப்பான்கள் புழங்குகின்றன என்பதை மறைத்தோ மறந்தோ சூளை வாங்குகிறவர் பணத்தைப் புகைபோக்கியில் போடுகிறார்.

பிளாட்டினம் போன்ற கிரியா ஊக்கிகளைக் கொண்டு 300, 400 டிகிரியிலேயே எரித்துவிடலாமே என்று கேட்கலாம். சூடேறிய பிளாட்டினக் கம்பி நிலக்கரி வாயுவும் காற்றும் கலந்த கலவையில் சுடரின்றியே கனன்றுகொண்டிருப்பதை ஹம்ப்ரி டேவி 1817-இலேயே கண்டார். அவ்வழியில் வந்த சாதனங்களும் பல ஆலைகளில் நடந்துவருகின்றன. ஆனால் கந்தகம், பாஸ்பரஸ், சிலிக்கோன், ஈயம் ஆகியவற்றில் ஏதேனும் சிறிது வந்தாலும் ஊக்கியின் வீரியம் கெட்டுவிடும். சுத்தமான, மாறாத வாயுவுக்கு அது நல்லது. நாளொரு சரக்கும் பொழுதொரு கரைப்பானுமாக நடக்கும் ஆலைக்குப் பீங்கானே நம்பத்தக்கது.

இச்சூளைகளின் பெருமை முழுவதும் விளங்குவது தொழிற்சாலையில் அன்று, நிலக்கரிச் சுரங்கத்தில் என்று நான் கருதுகிறேன். நிலக்கரியோடு பூமிக்கடியில் சிறைப்பட்டிருக்கும் மீதேன், வெட்டும்போது வெளிப்பட்டு, காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்தால் வெடித்துவிடும். உழைப்பவர்களின் உயிரைக் காப்பதற்காக ராட்சத விசிறிகளால் சுரங்கம் முழுவதும் காற்றைப் பாய்ச்சி, மீதேனை ஒரு சதவீதத்துக்கும் கீழே மெலியச் செய்து வெளியே தள்ளுகிறார்கள். அவ்வளவு மெலிந்த மீதேனைச் சாதாரண அடுப்பில் எரிக்க முடியாது, விட்டுவிடவும் கூடாது, ஏனென்றால், பூமியைச் சூடேற்றுவதில் எடைக்கு எடை, நூறு வருஷக் கணக்கில் பார்த்தால், மீதேன் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வலிமையுள்ளது. ஒரு கிலோ மீதேனை எரித்தால் இரண்டே முக்கால் கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. ஆயினும் இருபத்தெட்டுக்குப் பதிலாக இரண்டே முக்கால் என்பது எவ்வளவு இலாபம்!

மீதேன் பிடிவாதமான வாயு. எரிவதற்கு 1,000 டிகிரியை ஒட்டிய சூட்டைக் கேட்கும். ஆயினும் வெப்ப மீட்புச் சூளையில், காற்றில் ஏறக்குறைய 0.2 சதவீதம் மீதேன் இருந்தாலே அது தன் சூட்டைத் தானே தேடிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில், சிட்னிக்குத் தெற்கே வெஸ்ட் கிளிஃப் என்ற சுரங்கத்தில் 2007-இல் இதைச் செய்து காட்டினார்கள். மணிக்கு 250,000 கனமீட்டர் சுரங்கக் காற்று, சுமார் 0.9 சதவீத மீதேனோடு, நான்கு பெரும் சூளைகளுக்குள் சென்றது; சூளை தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது போக எஞ்சிய சூட்டைப் படுகையின் நடுவே பதித்த குழாய்கள் நீராவியாக வாங்கிக்கொள்ள, அந்நீராவி 6 மெகாவாட் மின்சாரம் தரும் டர்பைனைச் சுழற்றிற்று. மனிதர் சுவாசித்து நடமாடும் அளவுக்கு மெலிந்த காற்றே அங்கே எரிபொருளாயிற்று.

இதைப் படிக்கும் ஆலை நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் கரையும் வண்ணத்தைப் பூசியும், மூடிய கலங்களில் கரைப்பானைக் கையாண்டும், ஆவி எழாமலே செய்யக்கூடியதை முதலில் செய்துவிட்டு, தவிர்க்க முடியாத மிச்சத்துக்கே சூளையைத் தேடுங்கள். ஆவி குறையக் குறையச் சூளைக்கு வெளியெண்ணெய் சிறிது வேண்டியிருக்கும் என்பது மெய்தான், ஆனால் எரிப்பதற்காகக் கரைப்பானை விலைக்கு வாங்குவதைவிட அது எப்போதும் மலிவு. சுரங்கங்களைப் பொறுத்தமட்டில் அத்தகைய மாற்று வழியும் குறைவு. உலகத்து நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வெளிவரும் மீதேனில் பெரும்பகுதி இப்படி விசிறிக் காற்றில் மெலிந்தே வெளிவருகிறது. அதில் எரிக்கப்படுவது இன்றைக்கும் ஒரு சிறு பகுதியே.